மோட்டாரை மாற்றும் முன் டயரையும் எடையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பினாங்கில், குறிப்பாகப் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார்களைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர் பலரைக் காண்கிறேன். அவற்றுள் மண்தரையில் ஓடும் பின்சக்கர இயக்கப் பகி வண்டிகளைத்தான் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். விலை கட்டுப்படியாகும், உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும், பிள்ளையே தன் கையால் பூட்டிப் பழகலாம் என்பதால் அது நல்ல தேர்வுதான். ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே வீட்டுக்கு வீடு ஒரே குறை எழுகிறது. வண்டி வளைவில் திரும்பாமல் நேராக ஓடுகிறது. இல்லையென்றால் பின்பக்கம் சறுக்கிச் சுழன்று நின்றுவிடுகிறது. இந்தக் குறையோடு கடைக்குப் போகும் பெற்றோரிடம் வலிமையான மோட்டார் ஒன்றையோ, நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றையோ வாங்கச் சொல்லி அனுப்புகிறார்கள். இந்தக் குறைக்கு இரண்டுமே மருந்தல்ல என்பதையும், கையில் இருக்கும் வண்டியையே மண்ணைக் கவ்வி ஓடும்படி எப்படிச் செய்யலாம் என்பதையும் உங்கள் வாசகர்களுக்கு விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பிறைத் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பணி செய்பவன். ஞாயிறு காலை வேளைகளில் எங்கள் தாமானை (குடியிருப்பை) ஒட்டிய திடலில் பிள்ளைகள் இந்த வண்டிகளை ஓட்டும்போது உடன் நிற்பது என் வழக்கம். "முழுசா ஒடிச்சாலும் நேராத்தான் போகுது, அங்கிள்" என்று ஒரு பையன் வண்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, நான் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை. அது மண்ணில் விட்டுவந்த தடத்தைப் பார்க்கிறேன். வளைவு தொடங்கும் இடத்தில் முன்சக்கரத் தடம் மெல்லிய கோடுகளாக இருக்க வேண்டும். மண்ணை வழித்துத் தள்ளிய அகலமான பட்டையாக அது இருந்தால், முன்டயர் உருளாமல் குறுக்காகச் சறுக்கியிருக்கிறது என்று பொருள். பின்டயர் சென்ற இடத்தில் அதன் முட்கள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தால் பிடிப்பு இருக்கிறது. புள்ளிகள் அழிந்து, தரை நீளவாக்கில் குழிந்து, தளர்ந்த மண் பின்னால் வாரி இறைக்கப்பட்டிருந்தால் சக்கரம் வெறுமனே சுழன்றிருக்கிறது. இந்தத் தடங்களைப் படிக்கப் பழகிய பிள்ளைக்கு, தன் வண்டியின் குறை முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

பின்சக்கர இயக்க வண்டியில் தள்ளும் வேலை பின்சக்கரங்களுக்கும் திருப்பும் வேலை முன்சக்கரங்களுக்கும் உரியவை. ஒரு டயர் எவ்வளவு விசையை மண்ணுக்குக் கடத்த முடியும் என்பது டயருக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வையும், அந்தக் கணத்தில் அந்தச் சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையையும் பொறுத்தது. ரிமோட்டில் வேகம் கொடுக்கும் விசையான திராட்டிலை அழுத்தியதும் வண்டியின் எடையில் ஒரு பகுதி பின்பக்கம் மாறுகிறது. பின்டயர் மண்ணில் நன்றாக அழுந்துகிறது, முன்டயர் லேசாகிறது. அப்படி லேசாகிவிட்ட டயரை எவ்வளவு ஒடித்தாலும் அது மண்ணைக் கவ்வாது. திராட்டிலை விட்டதும் எடை முன்னுக்கு வருகிறது. அப்போது முன்டயர் கவ்வுகிறது. ஆனால் பின்பக்கம் லேசாகிச் சறுக்கத் தொடங்குகிறது. உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பகியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 25 முதல் 28 சென்டிமீட்டர் இடைவெளிதான் உண்டு. அத்தனை குறுகிய வண்டியில் இந்த எடை மாற்றம் வெகு வேகமாகவும் வலுவாகவும் நிகழ்கிறது. ஆகவே பிடிமானத்தையும் ஸ்டீயரிங்கையும் தனித்தனியே சரிசெய்ய முடியாது. பின்னுக்குக் கூட்டினால் முன்னில் குறையும், முன்னுக்குக் கூட்டினால் பின்னில் குறையும். நம் மண்ணுக்கு ஏற்ற நடுநிலையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

வலிமையான மோட்டார் இங்கே என்ன செய்யும் என்பதை இப்போது எளிதில் ஊகிக்கலாம். பின்டயர் தாங்கக்கூடிய விசைக்கு ஒரு வரம்பு உண்டு. பெட்டியோடு வரும், 540 என்று குறிக்கப்படும் சாதாரண அளவு மோட்டாரே தளர்ந்த மண்ணில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் கிடைக்கும் சக்தி மண்ணை வாரி இறைக்கவும், புறப்படும்போது வண்டியின் மூக்கைத் தூக்கவும் மட்டுமே பயன்படும். திரும்பாத வண்டி இன்னும் வேகமாக வேலியில் போய் மோதும்.

பின்சக்கர இயக்கம் என்பதே பழைய, தரம் குறைந்த அமைப்பு என்ற எண்ணமும் சிலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் 1984-இல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்ற இரண்டு பகிகளை வெளியிட்டது. பின்னாளில் மறுபதிப்பாகவும் வந்த அவ்வண்டிகளில்தான் பல நாட்டுப் பிள்ளைகள் ஓட்டப் பழகினார்கள். அதே 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் பந்தயத்துக்கென்றே ஆர்.சி.10 வண்டியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு கலிபோர்னியாவின் டெல் மாரில் மண்தள வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோதே இருசக்கர இயக்கத்துக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அந்தப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. ஹார்னெட் போன்ற எளிய வண்டியில் மோட்டாரும் கியர்பெட்டியும் பின் அச்சும் ஒரே கட்டையாக மேலும் கீழும் அசையும். ஆர்.சி.10 வழியில் வந்த வண்டிகளில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும். உங்கள் வீட்டு வண்டி இவற்றுள் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பது பிடிபடும். இரண்டு வகையிலும் முதலில் பார்க்க வேண்டியவை டயரும் எடையும்தான்.

டயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செலவழிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான். பின்சக்கரத்துக்கு முள் டயர் வேண்டும். தளர்ந்த, பொடி மண் என்றால் நீண்டு, இடைவெளி விட்டு நிற்கும் முட்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். அடித்து இறுகிய தரையில் அதே நீண்ட முட்கள் வளைந்து நெளியும். அங்கே குட்டையாக, நெருக்கமாக அமைந்த சிறு முட்களே நன்றாகப் பிடிக்கும். முன்சக்கரத்துக்கு வரி டயர் வேண்டும். சுற்றளவை ஒட்டி வளையம் வளையமாக ஓடும் அந்த வரிகள், நேராக உருளும்போது தடை செய்யாமல், திரும்பும்போது கலப்பைக் கொழுவைப் போல் மண்ணைக் கீறி, வண்டி பக்கவாட்டில் நழுவாமல் தாங்குகின்றன. பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று முன்னாலும் முள் டயரைப் போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்சக்கரமும் தள்ளுவதால் அங்கே அது பொருந்தும். இழுக்கும் வேலையே இல்லாத முன்சக்கரத்துக்கு முள் தரும் நன்மை குறைவு.

டயர் ரப்பரின் மென்மையும் முக்கியமானது. பெட்டியோடு வரும் டயர் சில வண்டிகளில் கட்டியான ரப்பரால் ஆனது. நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பிடிக்காது. விரல் நகத்தால் முள்ளின் அடியை அழுத்திப் பார்த்தால் அது எளிதில் சாய்ந்து உடனே நிமிர வேண்டும். மென்மையான டயர் தார்ச்சாலையில் ஓடினால் விரைவில் முள் மழுங்கிவிடும் என்பதால், திடலுக்குப் போகும் வழியில் வண்டியைத் தாமான் சாலையில் ஓட்டிக்கொண்டு போகும் பழக்கத்தைப் பிள்ளைகள் விட வேண்டும். முள்ளின் முன்விளிம்பு கூர்மை இழந்து உருண்டைத் தலையாகிவிட்டதா என்று அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். அப்படித் தேய்ந்த டயரோடு மற்றச் சரிசெய்தல்களில் இறங்குவது நேர விரயம்.

டயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்த டயர்களில் காற்றடிப்பதில்லை. உள்ளே வைக்கும் ஸ்பாஞ்சு வளையமே வடிவத்தைத் தாங்குகிறது. ஸ்பாஞ்சு இல்லாத டயர் வளைவில் மடங்கி, ரிம்மின் விளிம்பில் ஓடும். அளவுக்கு மீறிக் கட்டியான ஸ்பாஞ்சு இருந்தாலோ டயர் மேடு பள்ளத்துக்கு வளைந்துகொடுக்காது. ரிம்மில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்க வேண்டும். டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டிய பின் உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிடிப்பு அறவே இல்லை. ஆனால் நம் பினாங்கு மழையில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்து ஸ்பாஞ்சை ஊறவைத்துவிடும். அப்போது சக்கரம் கனத்து, சமநிலை இழந்து அதிரும். ஈரத் தரையில் ஓட்டுவோர், டயரின் தரை தொடும் பரப்பின் நடுவில் எதிரெதிரே இரண்டு சிறு துளைகள் இட்டால், சக்கரம் சுழலும் வேகத்திலேயே தண்ணீர் வெளியே தெறித்துவிடும். கையடக்கமான தோல் துளைப்பான் இதற்குப் போதும். வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களைக் கழற்றி நிழலில் உலர்த்துவது நல்லது.

அடுத்தது எடை. வண்டியை மின்கலத்தோடு முழுமையாகப் பூட்டி, முன்சக்கரங்களை ஒரு சமையலறைத் தராசின் மேலும், பின்சக்கரங்களை அதே உயரமுள்ள பலகையின் மேலும் வைத்து அளந்து பாருங்கள். பிறகு மாற்றி வைத்துப் பின்பக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். இவ்வகை வண்டிகள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் அமைப்பில், மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய அளவு பின்சக்கரங்களின் மேலேயே நிற்பதைக் காண்பீர்கள். தளர்ந்த மண்ணில் அது பிழையன்று. பின்டயருக்கு அந்த அழுத்தம் தேவை. மோட்டாரை அச்சுக்கு முன்னால், வண்டியின் நடுப்பகுதியில் வைக்கும் அமைப்பு பிற்காலத்தில் பந்தயங்களில் பரவியதற்கு, கம்பளம், செயற்கைப் புல், நீர் தெளித்து இறுக்கிய களிமண் போன்ற நல்ல பிடிப்புள்ள தளங்கள் பெருகியதே முக்கியக் காரணம். நம் திடல்களின் புழுதியிலும் பொடிக்கல்லிலும் பின்பக்க மோட்டாருக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆகவே நடுப்பக்க மோட்டார் வண்டிதான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால், எந்தத் தளத்தில் என்று கேளுங்கள்.

வண்டி திரும்ப மறுத்தால், முதலில் மின்கலத்தை அதன் இருக்கையிலேயே இயன்ற அளவு முன்னுக்கு நகர்த்தி, பின்னால் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து இறுக்குங்கள். மின்கலமே வண்டியின் பாகங்களுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று என்பதால், ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே வளைவில் வேறுபாடு தெரியும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் டயர் கடைகளில் கார் ரிம்மில் ஒட்டும் 5 கிராம், 10 கிராம் எடைத் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றை முன் சஸ்பென்ஷனுக்கு அருகே, அடித்தட்டில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டுங்கள். 20 கிராமில் தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டுங்கள். 50 கிராமைத் தாண்ட வேண்டியிருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. மீன்பிடிக் கடை ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவோர் அவற்றின் மேல் டேப் சுற்றிவிட வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் எதையும் தின்னக்கூடாது. இதைப் பெரியவர்கள் உடனிருந்து கவனிக்க வேண்டும்.

பின்பக்கப் பிடிப்பில் பலர் தவறவிடுவது டிஃப்ரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவு உருள வேண்டியிருப்பதால், இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் தருகிறது. ஆனால் வண்டி வெளிப்புறம் சாயும்போது உட்பக்கச் சக்கரம் லேசாகிறது. தடையில்லாத டிஃப்ரென்ஷியல் என்றால் அந்த லேசான சக்கரம் வீணாகச் சுழன்றுவிட, வெளிச்சக்கரத்துக்கும் போதிய விசை சேராது. வளைவிலிருந்து வெளிவரும்போது உட்பக்கச் சக்கரம் மட்டும் புழுதி கக்குவதைப் பார்த்தால் இதுதான் காரணம். கியர் வகை டிஃப்ரென்ஷியலைத் திறந்து கெட்டியான கிரீஸ் நிரப்பினால் இந்த வீண்சுழற்சி அடங்கும். ஒரு சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றும்போது மெல்லிய, சீரான தடை தெரிந்தால் போதும். பிடிப்பு வேண்டும் என்று முழுதாக இறுக்கிப் பூட்டிவிடக்கூடாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் உருள முனைவதால் வண்டி வளைவுக்குள் நுழைய மறுத்து நேராகத் தள்ளும். பிறகு வெளிவரும்போது பின்பக்கம் திடீரென்று வீசும். பந்து வகை டிஃப்ரென்ஷியல் உள்ள வண்டியில் திருகாணியை இறுக்கித் தளர்த்தியே இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் மிகத் தளர்வாக விட்டு ஓட்டினால் பந்துகளும் வளையங்களும் உராய்ந்து கெட்டுவிடும்.

சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்கின்றன. பின் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் பின்டயர் மேடு பள்ளத்தோடு ஒட்டி ஓடிப் பிடிப்புக் கூடும். முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கினால் முன்டயர் கவ்வுவது கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, அதே வளைவில் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். விலை குறைந்த சில வண்டிகளில் அப்சார்பருக்குள் எண்ணெய் இல்லாமல் வெறும் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். என் கருத்தில், டயருக்கு அடுத்தபடியாகக் காசு செலவழிக்கத் தகுந்த பாகம் எண்ணெய் அப்சார்பர்தான். அதில் ஊற்றும் சிலிக்கோன் எண்ணெய் நம் வெயிலில் இளகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காலையில் நன்றாக ஓடிய வண்டி நண்பகலில் துள்ளினால், ஒரு படி கெட்டியான எண்ணெய்க்கு மாறிப் பார்க்கலாம்.

திராட்டில் கொடுக்கும்போது மூக்கு தூக்கி ஸ்டீயரிங் இழக்கும் வண்டிக்கு ஒரு மலிவான வழி உண்டு. முன் அப்சார்பரைப் பிரித்து, உள்ளே பிஸ்டனுக்குக் கீழே தண்டின் மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகிப் பூட்டினால், அப்சார்பர் முழு நீளத்துக்கு நீளாது. முன்பக்கம் மேலெழும் அளவு அதனால் கட்டுப்படுகிறது. இடமும் வலமும் துண்டின் நீளம் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் திரும்பும்.

ஸ்டீயரிங் பாகங்களுக்கு வருகிறேன். வண்டியை மேசை மேல் வைத்து, ரிமோட்டை இயக்கிய நிலையில், முன்சக்கரம் ஒன்றை விரலால் இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். சக்கரம் தளர்ந்து ஆடினால், அந்த ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று ஒவ்வொரு மூட்டாகத் தொட்டு வர வேண்டும். சில நேரம் அது தேய்ந்த பந்து மூட்டு. சில நேரம் பேரிங்குக்குப் பதிலாகப் போடப்பட்ட பிளாஸ்டிக் புஷ் மண் புகுந்து தேய்ந்து, சக்கரம் அச்சிலேயே ஆடும். புஷ்களை 11-க்கு 5 மில்லிமீட்டர் போன்ற அந்தந்த வண்டிக்குரிய அளவுள்ள பேரிங்குகளால் மாற்றுவது பெரிய செலவில்லாத, நிச்சயமான முன்னேற்றம். பெரும்பாலும் குற்றவாளி சர்வோ சேவர்தான். மோதலில் சர்வோவின் (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டியின்) பற்கள் உடையாமல் காக்கும் அந்த ஸ்பிரிங் பாகம் மிகத் தளர்வாக இருந்தால், சர்வோ திரும்பினாலும் சக்கரம் மண்ணின் எதிர்ப்பில் பாதியிலேயே நின்றுவிடும். மேசை மேல் முழுதாகத் திரும்பும் சக்கரம் திடலில் திரும்பாமல் போவது இதனால்தான். இறுக்கமான சர்வோ சேவர் ஒன்றைப் போட்ட பிறகு, வேறு எதையும் மாற்றாமலே வண்டி சொன்ன பேச்சுக் கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றைப் பிள்ளைகள் முதலில் நம்ப மறுப்பார்கள். தளர்ந்த மண்ணில் ஸ்டீயரிங் திரும்பும் அளவைக் குறைத்தால் வண்டி நன்றாகத் திரும்பும். டயர் ஒரு குறிப்பிட்ட கோணம் வரைதான் மண்ணைக் கவ்வும். அதற்கு மேல் ஒடித்தால் உருளுவதை விட்டுவிட்டு மண்ணைத் தள்ளத் தொடங்கும். நான் மேலே சொன்ன அகலமான பட்டைத் தடம் அதனால் வருவதே. ரிமோட்டில் உள்ள டூயல் ரேட் குமிழைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்தப் பட்டை எப்போது கோடாக மாறுகிறது என்று பாருங்கள். இதற்கு ஒரு சென் செலவில்லை.

சக்கரக் கோணங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோணத்தை மாற்ற முடிந்த வண்டியில் நான்கு சக்கரங்களும் மேல்விளிம்பில் 1 முதல் 2 பாகை உட்சாய்ந்திருக்கட்டும். பின்சக்கரங்கள் முன்னோக்கி 3 பாகை உள்நோக்கியிருப்பது பெரும்பாலான வண்டிகளில் வடிவமைப்பிலேயே வருகிறது. அதை மாற்ற வேண்டாம். முன்சக்கரங்களை நேராகவோ, அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை வெளிநோக்கியோ வைத்தால் வளைவுக்குள் நுழைவது சுறுசுறுப்பாகும். பின் சிறகு வேகமான நேர்வழியில் கொஞ்சம் உதவும், மெதுவான வளைவில் உதவாது.

இவ்வளவும் செய்த பிறகும், ஓட்டும் விதம் மாறாவிட்டால் பயனில்லை. பின்சக்கர இயக்க வண்டியில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே பிடிக்கிறது. எடை முன்னுக்குப் போய் லேசாகிவிட்ட பின்டயரை அந்த நேரத்தில் இறுகப் பிடித்தால் அது பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஆகவே பிரேக்கைக் கடுமையாகப் போடுவதைவிட, வளைவுக்கு முன்பே திராட்டிலை விட்டு, எடை முன்டயருக்கு வந்த அந்தக் கணத்தில் ஒடித்து, வண்டியின் மூக்கு திரும்பிய பிறகு மெல்லத் திராட்டில் கொடுப்பதே முறை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் புறப்பாட்டு வேகத்தைத் தணிக்கும் அமைப்பு இருந்தால் அதை மென்மையான பக்கம் வையுங்கள். விசை மிகும்போது நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியென்றால், நின்ற நிலையிலிருந்து முழுத் திராட்டில் கொடுக்கும்போது சிறிது தொலைவு அது நழுவும் ஓசை கேட்கும்படி தளர்த்திக்கொள்ளலாம். இந்த விரல் பழக்கத்தைக் கற்றுத் தருவதில் பின்சக்கர இயக்க வண்டிக்கு இணையில்லை என்றே நான் கருதுகிறேன். நான்கு சக்கர இயக்கம் ஓட்டுபவரின் அவசரத்தை ஓரளவு மறைத்துவிடும், இது மறைக்காது.

பினாங்கின் மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துச் செம்மண், வெயில் காலத்தில் மேலே புழுதியும் கீழே இறுகிய தரையுமாக இருக்கும். அங்கே புழுதியை ஊடுருவிக் கீழ்த்தரையைத் தொடும் நடுத்தர முள் டயர் நன்றாக ஓடும். மழைக்குப் பின் அதே மண் டயரில் அப்பிக்கொண்டு முட்களின் இடைவெளியை அடைத்துவிடுவதால், இடைவெளி அதிகமுள்ள முள்ளே தேவை. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலைகளில் பொடிக்கல் அதிகம். அங்கே வண்டியின் அடித்தட்டைச் சற்று உயர்த்தி ஓட்டுவது நல்லது. பந்தாய் பெர்சே போன்ற கடற்கரை மணலில் துடுப்பு வடிவப் பின்டயர் தவிர வேறெதுவும் எடுபடாது. அங்கே ஓட்டிய பிறகு உப்பு படிந்த பேரிங்குகளை அன்றே துடைத்து எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடித்துவிடும். பிள்ளைகள் விளையாடும் திடலின் நடுவே ஓட்டாமல் ஓரமாக ஓட்டும் நாகரிகத்தையும் பெற்றோர் சொல்லித்தர வேண்டும். ஒன்றரைக் கிலோ எடை வேகமாக வந்து கணுக்காலில் மோதினால் காயம் நிச்சயம்.

இதை ஒட்டி இரண்டு வேண்டுகோள்கள். பினாங்குத் தீவு மாநகராட்சியும் செபராங் பிறை மாநகராட்சியும் பொதுத் திடல்களைச் சீரமைக்கும்போது, எங்காவது ஒரு மூலையைச் சிமெண்டு போடாமல், புல் வளர்க்காமல், வெறும் மண்ணாக விட்டு ஒரு தாழ்ந்த வேலி மட்டும் அமைத்துத் தந்தால், இந்தப் பிள்ளைகள் சாலையோரங்களை நாடாமல் பாதுகாப்பாக ஓட்டிப் பழக இடம் கிடைக்கும். இரண்டாவது வேண்டுகோள் உங்களுக்கு. உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், எடை மாற்றம், டிஃப்ரென்ஷியல், சஸ்பென்ஷன் ஆகியவற்றைக் கோட்டுப் படங்களோடு தமிழில் விளக்கும் சிறு தொடர் ஒன்றை விடுமுறைக்கு முன் வெளியிட வேண்டுகிறேன். அறிவியல் பாடத்தில் உராய்வையும் விசையையும் படிக்கும் மாணவர்கள், தங்கள் கையிலிருக்கும் வண்டியில் அதே விதிகள் வேலை செய்வதை அளந்து பார்க்க அது உதவும். படங்களை வரைந்து தரவும், அளவுகளைச் சரிபார்த்துத் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். முதல் படம், தராசின் மேல் முன்சக்கரங்களை வைத்து எடை பார்க்கும் முறையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு.